கண்ணை மூடினால் காது திறக்கிறது: இடியப்பம் பிழியும் ஓர் அன்ரியோடு நான்கு மாதம்

விடியப்புறம் மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கம் ஓர் ஒழுங்கையில் ஒரு குசினியில் மட்டும் வெளிச்சம் எரியும். அங்கே 58 வயதான ஓர் அன்ரி இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பார். நாளுக்கு 280 வரை பிழிவார், ஆறு மணிக்குள் அவை இரண்டு கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நான் எழுதப்போவது அவரைப் பற்றியும், போன வருடம் ஆடி தொடக்கம் ஐப்பசி முடியும் வரை அவரோடு சேர்ந்து யோகம், கவனம் என்று செய்து பார்த்தவற்றைப் பற்றியும்தான். தொடக்கத்தில் நான் விட்ட பிழையையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் யோகா சொல்லிக்கொடுக்கிற பலர் அதே பிழையை விடுகிறோம். எழுதியதை அவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினேன். பெயரையும் ஒழுங்கையையும் விட்டுவிட்டேன்.

நான் பின்னேரங்களில் ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் வகுப்பு நடத்துகிறேன். வருபவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். வகுப்பில் நன்றாகச் செய்வார்கள், வீட்டில் செய்தீர்களா என்று கேட்டால் "நேரம் எங்க பிள்ளை?" என்பார்கள். இதைப் பல வருடம் நான் சாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். மனமிருந்தால் நேரம் வரும் என்று வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

அவர் வந்தபோது

அன்ரி வந்தது மாதாந்தக் கிளினிக்கில் யாரோ ஒரு தாதி "யோகா ஏதும் செய்து பாருங்கோ" என்று சொன்னதால். பிறஷர் குளிசை தொடங்கி இரண்டு வருடம். கிளினிக் கொப்பியில் கடைசியாக எழுதியிருந்தது 152க்கு 94. பிடரியும் இரண்டு தோள்மூட்டும் பலகை மாதிரி இறுகியிருந்தன. வலது மணிக்கட்டில் நோ. ஆனால் அவர் தன் வாயால் முதலில் சொன்னது இது எதையுமில்லை, நித்திரையைத்தான். பத்தரைக்குப் படுத்தால் ஒரு மணிக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், பிறகு அலாரம் அடிக்கும் இரண்டேமுக்கால் வரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கணவர் காலமாகிப் பதினொரு வருடம், மகன் ரொறன்ரோவில். வீட்டில் தனியாள்.

நான் வழக்கமாக எல்லோருக்கும் கொடுக்கும் தாளை அவருக்கும் கொடுத்தேன். அதிகாலையில் எழுந்து சூரிய வணக்கம் ஆறு சுற்று, பிறகு ஏழு ஆசனம், மூக்கின் ஒவ்வொரு பக்கமாக மூச்சு விடும் நாடிசுத்தி, கடைசியில் மல்லாந்து படுத்துத் தளரும் சவாசனம், மொத்தம் 45 நிமிடம். பிறஷர் இருப்பதால் மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம் வேண்டாம், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம், தலை கீழே போகிற எதுவும் வேண்டாம் என்று சிவப்புப் பேனையால் வெட்டிக் கொடுத்தேன். அந்தளவுக்குக் கவனமாக இருந்தேன் என்று அப்போது எனக்கு ஒரு திருப்தி. மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிற ஒருவருக்கு "அதிகாலையில் எழுந்து" என்று எழுதிக் கொடுக்கிறேனே என்ற நினைப்பு வரவில்லை.

ஒன்பது நாள் செய்தார். அதற்காக இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறார், அதாவது இருந்த கொஞ்ச படுக்கை நேரத்திலும் முக்கால் மணித்தியாலத்தை நான் பறித்திருக்கிறேன். பத்தாம் நாள் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டபோது கோபம் ஒன்றும் இல்லை, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்: "உந்தத் தாளை நான் சாமித்தட்டில வைச்சிருக்கிறன் பிள்ளை. செய்யத்தான் ஏலாமக் கிடக்கு."

பின்னேர வகுப்புக்கு மட்டும் விடாமல் வந்தார். மூன்றாம் கிழமை வகுப்பு முடிவில் வழக்கம்போல லைட்டை நிப்பாட்டி எல்லோரையும் படுக்கச் சொன்னேன். "கண்ணை மூடுங்கோ, உடம்பைத் தளர விடுங்கோ, ஒன்றையும் யோசியாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு போக, எங்கோ ஒரு கோயிலில் திருவிழாவுக்கு வெடி கொளுத்தினார்கள். அன்ரி எழும்பிவிட்டார். எழும்பினார் என்பதைவிட உடம்பு தானாக நிமிர்ந்து சுவரோடு போய் ஒட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். கை இரண்டும் குளிர்ந்து, மேல் உதட்டில் வேர்வை. நான் பக்கத்தில் போய் இருந்து தண்ணீர் கொடுத்தேன், கொஞ்ச நேரம் போக அவர் மெதுவாகச் சொன்னார்:

"கண்ணை மூடினா எனக்குக் காது திறக்குது பிள்ளை."

அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் அதுவரை சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே வைத்திருக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அமைதி வரும் என்பது எல்லா யோகா வகுப்புகளிலும் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்ட விஷயம். ஆனால் இந்த மண்டபத்தில் படுத்திருக்கிற ஐம்பது வயதுக்காரர் ஒருவரின் காது எப்படிப் பழகியது என்று யோசித்துப் பாருங்கள். போர் நடந்த, கரண்ட் இல்லாத வருடங்களில், இருட்டில் படுத்துக்கொண்டு, வருவது பொம்மரா ஹெலியா, செல் குத்தின சத்தம் எந்தப் பக்கம், பங்கருக்குள் ஓட நேரமிருக்கிறதா என்று காதால் அளந்து பழகியவர்கள் இவர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, இந்தப் பக்கமான வலிகாமமே வீட்டைப் பூட்டிக்கொண்டு நாவற்குழி வழியே தென்மராட்சிக்கு நடந்தபோது அன்ரிக்கு இருபத்தெட்டு வயது, கையில் ஒன்றரை வயது மகன். இருட்டும், படுக்கையும், மூடிய கண்ணும், "ஒன்றையும் யோசியாதேங்கோ" என்ற ஒரு குரலும் அவருடைய உடம்புக்கு ஓய்வாகத் தெரியாது. காவலுக்கு நிற்கச் சொன்ன கட்டளையாகத்தான் தெரியும்.

இது எனக்குப் புதிதாகப்பட்டது, ஆனால் விஷயம் புதிதில்லை. அமெரிக்காவில் பொஸ்ரனில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கொல்க், யோகா ஆசிரியர் டேவிட் எமர்சன் போன்றவர்கள் 2000களில் அதிர்ச்சிக்குள்ளானவர்களுக்கென்று ஒரு யோகா முறையை உருவாக்கினார்கள். அதில் கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை, தொட்டுத் திருத்துவதில்லை, "செய்யுங்கள்" என்பதற்குப் பதிலாக "விருப்பமென்றால் செய்து பார்க்கலாம்" என்றுதான் பேசுவார்கள். 2014இல் 64 பெண்களை வைத்து நடத்திய பத்துக் கிழமை ஆய்வொன்றில் அது பயன் தந்ததையும் காட்டினார்கள். அவ்வளவு தூரம் ஏன், போர்க்காலத்தில் இங்கேயே வேலை செய்த மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மூச்சு, ஜெபம், தளர்வுப் பயிற்சி என்று அவரவர் சமயத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி கொடுப்பதைப் பற்றி எப்போதோ எழுதிவிட்டார். சைவர்களுக்கு ஒன்று, கிறிஸ்தவர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. ஆளுக்குள் ஏற்கனவே இருப்பதிலிருந்து தொடங்குவதுதான் அதன் சாரம். நான் அச்சடித்த தாளிலிருந்து தொடங்கியிருந்தேன்.

குசினியில் ஒரு காலை

சரி, தாளைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அன்ரி என்னதான் செய்கிறார் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை விடியப்புறம் அவர் வீட்டுக்கே போனேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஒரு மூலையில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். அவர் எனக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வறுத்த சிவப்பரிசி மாவும் அவித்த கோதுமை மாவும் கலந்து, கொதிநீரை அளவாக விட்டு, அகப்பைக்காம்பால் கிண்டி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் குழைத்தார். குழைக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை மாவுக்குள் போய் நின்று, தண்ணீர் காணுமா காணாதா என்று கேட்பதுபோல ஒரு விநாடி தாமதிக்கும், பிறகுதான் அடுத்த குழையல். முகத்தில் ஒரு சுருக்கமும் இருக்கவில்லை. எத்தனையோ வருடம் தியானம் சொல்லிக்கொடுத்தும் இந்தளவு முழுக் கவனத்தை நான் வகுப்பில் கண்டது குறைவு. ஆளுக்குக் கவனம் இல்லை என்று நினைத்துக் கொண்டு நான் கொடுக்க வந்த பொருள் அவரிடம் ஏற்கனவே இருந்தது, மாப் பாத்திரத்துக்குள்.

பிழியத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. அவருடையது மர உரல், இரண்டு கைப்பிடி. மாவை நிரப்பி, தட்டுக்கு மேலே பிடித்து, மேல்பிடியை அமத்தும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறியது. பல்லைக் கடித்தார். மூச்சு நின்றது. இடியப்பம் வட்டமாக விழுந்து முடிந்ததும்தான் "ஸ்ஸ்" என்று வெளியே வந்தது. அடுத்ததுக்கும் அப்படியே. நான் எண்ணிப் பார்த்தேன், ஓர் அடுக்குக்கு இருபத்திநாலு இடியப்பம், இருபத்திநாலு தரம் மூச்சைப் பிடிக்கிறார். இப்படிப் பன்னிரண்டு அடுக்கு. மூச்சை அடக்கி முக்கும்போது அந்த நேரத்துக்கு இரத்த அழுத்தம் ஏறும் என்பது உடற்றொழிலியலில் அடிப்படைப் பாடம். நான் தாளில் கும்பகத்தைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டேன், அவரோ ஒவ்வொரு விடியப்புறமும் கிட்டத்தட்ட 280 கும்பகம் செய்துகொண்டிருந்தார், அதுவும் பாரம் அமத்திக்கொண்டு.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. மேசை அவருக்கு உயரம், அதனால்தான் தோள் ஏறுகிறது. மற்றது, ஓர் அடுக்கு அவிந்துகொண்டிருக்க அடுத்த தட்டுகளைப் பிழிந்து முடித்துவிடுவார், பிறகு மூடி திறக்க இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்ப்பார், அல்லது கழுவத் தேவையில்லாத பாத்திரத்தைத் திரும்பவும் கழுவுவார். இப்படிப் பன்னிரண்டு இடைவெளி. நேரமே இல்லாத ஒருவருக்குள் அரை மணித்தியாலம் துண்டு துண்டாகக் கிடந்தது.

மாற்றியது கொஞ்சம்தான்

முதலில் காலடியில் ஒரு பலகை. ஐந்து அங்குலம் உயரம், பழைய கதவுச் சட்டத்தில் வெட்டியது. அதில் இரண்டு பாதமும் சமமாக ஊன்றி நின்று பிழியச் சொன்னேன். தாடாசனம் என்று பாயில் சொல்லிக்கொடுக்கிற நிலை இதுதான், பெயரைச் சொல்லவில்லை. பதஞ்சலியின் யோக சூத்திரங்களை 195 என்றும் 196 என்றும் எண்ணுவார்கள், அதில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவது மூன்றே மூன்று. அசையாமலும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்பதுதான் அவற்றில் முதலாவது. எந்தப் பாயில், எந்தத் திசை பார்த்து என்றெல்லாம் அங்கே இல்லை. பலகையில் ஏறிய முதல் நாளே தோள் இறங்கிவிட்டது, அதற்குப் பயிற்சி ஒன்றும் தேவைப்படவில்லை.

மூச்சு அப்படி இலேசில் வரவில்லை. அமத்தும்போது மூச்சை விடுங்கோ என்று சொன்னேன். ஓமோம் என்பார், இரண்டு இடியப்பம் சரியாக வரும், மூன்றாவதில் பழையபடி பல்லைக் கடிப்பார். "நினைச்சு நினைச்சு மூச்சு விட்டா மா ஆறிப்போகுது" என்றார், அதுவும் உண்மைதான், மா ஆறினால் பிழியவே ஏலாது. இரண்டு கிழமை இப்படி இழுபட்டது. வழியைக் கண்டுபிடித்தவர் அவரே. ஒரு நாள் பிழியும்போது வாய்க்குள் தேவாரம் ஒன்றை முணுமுணுத்திருக்கிறார், அன்றைக்குப் பிடரி நோ குறைவாக இருந்ததாம். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். ஓர் அடி பாடி முடியும் நேரத்தில் ஓர் இடியப்பம் விழுகிறது. பாடுகிற வாய்க்கு மூச்சைப் பிடிக்க முடியாதே! வெளிமூச்சு தானாக நீளுகிறது, அடிக்கும் அடிக்கும் இடையில் உள்ளே போகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

இதைப் பற்றி ஓர் ஆய்வே இருக்கிறது. 2001இல் இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியும் அவரோடு வேலை செய்தவர்களும் 23 பேரை வைத்து, செபமாலைச் செபத்தை இலத்தீனில் சொல்லும்போதும் ஒரு யோக மந்திரத்தைச் சொல்லும்போதும் மூச்சு என்ன ஆகிறது என்று அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு மெதுவானது, இரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் உடம்பின் அனிச்சைச் செயலும் கூர்மையானது. சாதாரணமாக நாங்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தரம் மூச்சு விடுகிறோம். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் தணியும், வேகஸ் என்ற நரம்பு செய்கிற வேலை அது. பண்ணோடு பாடச் சொல்லி வைத்தவர்கள் இதை அளந்தார்களோ தெரியாது, ஆனால் இந்த ஊரில் பாட்டிமார் தேவாரம் முணுமுணுத்துக்கொண்டே மா இடித்ததைச் சின்ன வயதில் நானே கேட்டிருக்கிறேன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது, அந்த இரண்டு மூன்று நிமிட இடைவெளி. பன்னிரண்டையும் எடுக்கவில்லை, மூன்றை மட்டும் எடுத்தோம். போனைச் சாமித்தட்டில் வைத்துவிட்டு, பின்பக்கக் குந்தில் போய் இருப்பது. முதுகு சுவரில், பாதம் மண்ணில், கண் திறந்தபடி. என்ன செய்யிறது என்று கேட்டார். சும்மா இருங்கோ என்றேன். "சும்மா இருந்தா உலை ஆர் வைக்கிறது பிள்ளை?" என்றார். கொழும்புத்துறையில் வாழ்ந்த ஞானி யோகர் சுவாமிகளின் (1872–1964) பேரைச் சொல்லி "சும்மா இரு" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவர் வழியில் வந்தவர்கள் தங்களைச் சிவதொண்டர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், தொண்டு என்றால் கை வேலை செய்வதுதானே. அதனால் அன்ரிக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். காதுக்கு வேலை.

கேட்கிற சத்தத்துக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது, அவ்வளவுதான். சேவல். நாய். பக்கத்து வீட்டுக் குழாய். கிணற்றடியில் சொட்டு. தூரத்தில் சைக்கிள் மணி. நீராவி மூடியைத் தட்டுகிற சத்தம். தெரியாத சத்தமென்றால் "தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவது. முப்பது வருடமாகக் காவல் காத்த காதை மூடப் பார்க்காமல், அதே கூர்மையை வைத்துக்கொண்டு, இப்போது இந்த முற்றத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவிடுவது. மைண்ட்புல்னஸ் என்று சொல்வது கடைசியில் இதைத்தான். 1979இல் ஜோன் கபட்-சின் அமெரிக்காவில் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டுக் கிழமைத் திட்டத்திலும் சத்தத்தைக் கவனிப்பது உண்டு. ஆனால் அதில் நாளுக்கு 45 நிமிடம் வீட்டில் பயிற்சி, அதில் பெரும்பகுதி தொடக்கத்தில் படுத்துக்கொண்டு உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிப்பது. அது நல்ல திட்டம், பலருக்கு உதவியிருக்கிறது. அன்ரிக்கு அந்த 45 நிமிடமும் இல்லை, அந்தப் படுக்கையும் சரிவராது.

நான்கு மாதத்தில் நடந்தது

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது விழித்தார், நோ எவ்வளவு என்று எழுதிவந்தார். எழுத்து அழகான வட்ட எழுத்து. முதல் மூன்று கிழமை நித்திரையில் ஒரு மாற்றமும் இல்லை, மணிக்கட்டு நோ கூடக்கூட எழுதியிருக்கிறார். பலகையில் ஏறியதால் பிடி மாறி, பாரம் மணிக்கட்டில் விழுந்திருக்கிறது, அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். முழங்கையை விலாவோடு வைத்து உடம்புப் பாரத்தால் அமத்தச் சொன்ன பிறகு குறைந்தது.

ஐந்தாம் கிழமை கொப்பியைப் புரட்டும்போதுதான் ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு நாளும் பத்தரைக்குத்தான் படுக்கிறார். இரண்டேமுக்காலுக்கு எழும்புகிறவர் ஏன் பத்தரை வரை இருக்கிறார்? மகன் அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பான், இங்கே அது இரவு பத்து மணி. விழித்திருந்து கதைத்துவிட்டு, அவனுக்குச் சளி, வாடகை கூட்டிவிட்டார்கள் என்று கேட்டதையெல்லாம் நெஞ்சில் வைத்துக்கொண்டு படுக்கிறார். மகனோடு நானே கதைத்தேன். நல்ல பிள்ளை, அம்மா எத்தனை மணிக்கு எழும்புகிறார் என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது, அம்மா சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போகமுன் காலை ஏழு மணிக்கு எடுக்கத் தொடங்கினார், இங்கே பின்னேரம் நாலரை. அன்ரி ஒன்பது மணிக்குப் படுக்கத் தொடங்கினார்.

ஆக, நித்திரை நாலுக்கும் குறைவான மணித்தியாலத்திலிருந்து ஐந்தரை வரை வந்ததில் பெரிய பங்கு அந்த ஒரு தொலைபேசி நேர மாற்றத்துக்கு. இதை யோகத்தின் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. ஒரு மணி விழிப்பு நிற்கவுமில்லை, ஆனால் விழித்தபிறகு நடப்பது மாறியது. லைட்டை மெல்லிய வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, கட்டிலில் இருந்தபடியே, சத்தங்களுக்குப் பெயர் சொல்கிறார். காற்றாடி. பல்லி. வேம்பில் காற்று. கிழமையில் நாலைந்து நாள் திரும்ப நித்திரை வந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்.

புரட்டாதிக் கடைசியில் இடிமுழக்கம் தொடங்கியது. நாலு இரவு தொடர்ந்து நித்திரை இல்லை, கொப்பியில் அந்தப் பக்கங்களில் ஒன்றும் எழுதவில்லை, கோடு மட்டும் இழுத்திருக்கிறார். வகுப்புக்கும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, இது எல்லாம் எனக்குச் சரிவராது பிள்ளை, விடு என்றார். நான் வற்புறுத்தவில்லை. வைத்தியசாலையில் மனநலப் பகுதிக்கு ஒருக்கால் போய்க் கதைத்துப் பார்ப்போமா என்று கேட்டேன், யோசித்துவிட்டு வந்தார், நானும் கூடவே போனேன். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: பழைய நினைவு அப்படியே திரும்பி வந்து ஆளை ஆட்டுகிறதென்றால் அது மூச்சுப் பயிற்சியால் மட்டும் தீர்க்கிற விஷயமில்லை, அங்கே வைத்தியரும் உளவளத்துணையாளரும் வேண்டும். யோகா சொல்லிக்கொடுப்பவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கே இரண்டு மாதம் போய்வந்தார், அந்தக் கதை அவருடையது, அதை இங்கே எழுதவில்லை.

ஐப்பசிக் கடைசியில் கிளினிக் கொப்பியில் 138க்கு 86. குளிசை அதே அளவில்தான், அதை மாற்றுவது வைத்தியரின் வேலை, யோகா செய்கிறேன் என்று குளிசையை விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த இறக்கத்துக்கும் ஒரு காரணம் மட்டும் இல்லை. அதே மாதங்களில் கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்திருந்தார், ஒரு கடை ஓடரைக் குறைத்ததால் நாளுக்கு அறுபது இடியப்பம் குறைந்தது, நித்திரை கூடியது. எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க என்னால் முடியாது. தோள் நோவைப் பத்துக்கு ஏழு என்று தொடங்கியவர் மூன்று நாலு என்று எழுதுகிறார். மணிக்கட்டு இன்னும் முழுக்கச் சுகமில்லை, மெசினில் பிழிகிற உரல் ஒன்று வாங்கலாமா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

வகுப்பில் மாறியவை

இப்போது புதிதாக வருபவரிடம் முதலில் நான் கேட்பது, நாள் முழுக்க உங்கள் கை என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். ஓட்டோ ஓடுகிற ஒருவர், கந்தர்மடச் சந்தியில் சவாரிக்குக் காத்துநிற்கும்போது ஹாண்டிலைப் பிடித்த விரல்களைத் தளர்த்துகிறார், அது அவருடைய பயிற்சி. பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் கரும்பலகையை அழிக்கும் நேரத்தில் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி மூன்று நீண்ட வெளிமூச்சு விடுகிறார். ஆசனம் கற்பிப்பதை நான் விடவில்லை, பாயில் செய்வதற்கு அதற்கென்று ஒரு அருமை இருக்கிறது, நேரமும் மனமும் உள்ளவர்கள் செய்யத்தான் வேண்டும். பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் ஒன்று, மற்ற ஏழுக்கும் பாய் விரிக்கத் தேவையில்லை என்பதை மட்டும் இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் லைட்டை நிப்பாட்டுவதில்லை. படுக்க விரும்பாதவர்கள் சுவரோடு சாய்ந்திருக்கலாம், வாசல் தெரிகிற பக்கம் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு. "மூடுங்கோ" என்ற சொல்லை நாக்கிலிருந்து எடுக்க எனக்கு மாதக்கணக்கானது, இப்போதும் சிலவேளை வந்துவிடும்.

அன்ரி இப்போது படுக்கிறார், கண் திறந்தபடி, மண்டபத்துக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு. போன செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டு, கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருக்கப் படுத்திருந்தார். நான் எழும்பிப் போகமுன் அன்ரி அவர் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னார்: "திறந்தே வைச்சிரு பிள்ளை. காத்தாடி எத்தினை தரம் சுத்துது எண்டு பார்."